ஓட்டு கேட்டு வர்ற ஜட்ஜ் நமக்கு வேணாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஜட்ஜுங்களையும் ஜனங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கணும், கட்சி சின்னம் இல்லாம எலெக்‌ஷன் வச்சா நேர்மையா நடக்கும்னு ஒரு வாசகர் உங்க பேப்பர்ல எழுதியிருந்தாரு. அவரோட ஆதங்கம் புரியுது, ஆனா அந்த வழி சரியில்லைங்க.

அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் பதவிக்கு அப்படித்தான் எலெக்‌ஷன் நடக்குது, ஓட்டுச்சீட்டுல கட்சி பேரே இருக்காது, ஜெயிச்சா 10 வருஷம் பதவி. 2025 ஏப்ரல்ல சூசன் க்ராஃபோர்டும் பிராட் ஷிமலும் நின்னாங்க, அந்தம்மாவுக்கு பின்னாடி டெமாக்ரடிக் கட்சி, இவருக்கு பின்னாடி ரிபப்ளிகன் கட்சி, ரெண்டு பக்கமும் சேத்து கிட்டத்தட்ட 10 கோடி டாலர் செலவாச்சு, ஷிமலுக்காக எலான் மஸ்க் தரப்பு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல எறக்குச்சு. க்ராஃபோர்ட் ஜெயிச்சுட்டாங்க, ஆனா யார் ஜெயிச்சாலும் காசு குடுத்தவங்க கேஸ் நாளைக்கு அதே கோர்ட்டுக்கு வருமே, அப்ப என்ன பண்றது?

நம்ம பஞ்சாயத்து தலைவர் எலெக்‌ஷன் கூட கட்சி சின்னம் இல்லாமதான் நடக்குது. வேட்பாளர் தோள்ல கட்சித் துண்டு இருக்காது, ஆனா அவருக்கு முன்னாடி கும்பிட்டுக்கிட்டே வர்றது ஒன்றியச் செயலாளர், எந்த தெருவுல யாரு சாதிக்காரங்கன்னு பாத்து பாத்து நுழையறாங்க. ஜட்ஜ் எலெக்‌ஷன் மட்டும் வேற மாதிரியா நடந்துடும்?

எங்க அரூர் பக்கத்துல இருக்கற வாச்சாத்திய நெனச்சுப் பாருங்க. 1992 ஜூன் 20 அன்னிக்கு சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள பூந்து 18 பொண்ணுங்கள பாலியல் வன்கொடுமை பண்ணாங்க, வீடுங்கள சூறையாடுனாங்க. 2011 செப்டம்பர் 29 அன்னிக்கு தருமபுரி கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளின்னு சொல்லுச்சு, அதுல 54 பேரு அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க. அப்பீல விசாரிச்ச ஹைகோர்ட் ஜட்ஜ் வேல்முருகன் 2023ல வாச்சாத்திக்கே நேர்ல போய் அந்த சனங்ககிட்ட பேசிட்டு வந்து, தண்டனைய உறுதி பண்ணாரு. ஒரு மலையடிவாரத்து பழங்குடி ஊர்ல எத்தன ஓட்டு இருக்கும், அத்தன அரசு ஊழியருங்க குடும்பத்துல எத்தன ஓட்டு இருக்கும்? அடுத்த எலெக்‌ஷன் பயத்தோட ஒக்காந்திருக்கற ஜட்ஜுக்கு அந்த தீர்ப்ப எழுத கை வருமா சொல்லுங்க.

அதுக்காக இப்ப இருக்கற கொலீஜியம் முறை, அதாவது மூத்த ஜட்ஜுங்களே கூடி புது ஜட்ஜுங்க பேர ஒன்றிய அரசுக்கு அனுப்பற முறை, நல்லா இருக்குன்னு சொல்ல வரல, மூடுன கதவுக்குள்ள முடிவு பண்றது எனக்கும் புடிக்கல. ஒருத்தர ஏன் எடுத்தாங்க, ஏன் ஒதுக்குனாங்கன்னு காரணத்த முழுசா, தமிழ்லயும் வெளியிடணும், அனுப்புன பேர ஒன்றிய அரசும் கெடப்புல போடாம கெடு வச்சு முடிவு சொல்லணும். மொதல்ல இத கேப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரூர், தருமபுரி மாவட்டம்