உந்தப் பழைய இரும்பு

விசுவமடு,
வைகாசிக் கடைசி.

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. போனில ரெண்டு வசனத்தோட நிப்பாட்டுறவன் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதுக்குப் பதில் போடாட்டில் நான் மனுசனில்லை. முதல் உன்ர முழங்கால் கதை. ஒப்பரேஷனைத் தள்ளிப்போடாதை. மனுசியும் அதைத்தான் எழுதச் சொல்லுறா. அவவின்ர தமக்கை செய்துபோட்டு இப்ப வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து இரவிரவா நிண்டவ. பனி துவங்க முதல் முடிச்சுக்கொள்.

கடைசிப் பக்கத்தில “உந்தப் பழைய இரும்பை இன்னும் விக்கேல்லையோ” எண்டு என்ர ஹைலக்ஸ் பிக்கப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். விக்கேல்லை. விக்காதது மட்டுமில்லை, போன மாதம் அதுக்குக் கியர்பொக்ஸும் கிளச்சும் மாத்தினன். மகன் ஒரு கிழமையா என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அந்தக் காசை முதல் கட்டி லீசிங்கில ஒரு புதுப் பட்டா லொறி எடுக்கலாம் எண்டது அவன்ர கணக்கு. மாதாமாதம் கட்டுறது ஆர் எண்டு கேட்டன், அதுக்கு மறுமொழி இல்லை. வயல்காரனுக்குப் போகத்துக்கு ஒருக்காத்தான் காசு வரும். லீசிங்காரனுக்குப் பெரும்போகம் சிறுபோகம் எண்டு ஒண்டும் தெரியாது, மாதம் பிறந்தாப் போன் அடிப்பான்.

விலையும் நீ நினைக்கிற மாதிரி இல்லை. 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள், சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 மாசியிலதான் திரும்ப விட்டது. அந்த அஞ்சு வருசத்தில ஓடுற எதுவும் தங்க விலை. திறந்த பிறகும் வரியைப் போட்டுப் பார்த்தா, புது டபுள்கப்பின்ர விலை கேக்கவே எங்களுக்கு வாய் வராது.

என்ரது 1990 ஆம் ஆண்டு ஹைலக்ஸ், எல்என் 85, சிங்கிள்கப். 2446 சிசி 2எல் டீசல் எஞ்சின். டேர்போவும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. எஞ்சின் இண்டைக்கும் குத்தாமல் குலைக்காமல் நிக்குது. பின்னால இருந்த கியர்பொக்ஸ்தான் ஒரு வருசமா முனகினது.

முதல் வந்தது சத்தம். நியூட்ரலில கிளச்சை விட்டுட்டு நிண்டா ஒரு உறுமல். கிளச்சை மிதிச்சா உறுமல் நிண்டிடும். மிதிக்கேக்க சத்தம் வந்தா றிலீஸ் பெயரிங், மிதிக்க நிண்டா கியர்பொக்ஸின்ர முன் சாஃப்ட் பெயரிங். இதை உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கராஜிலதான் கை கறுப்பாக்கினது. பிறகு மூண்டில இருந்து ரெண்டுக்கு இறக்கேக்க கறமுற எண்டு கடிக்கத் துவங்கிச்சுது. பிறகு அஞ்சு தன்ர பாட்டில கழண்டு விழும். ஏ9இல மாங்குளம் தாண்டி முறிகண்டி வரைக்கும் இடது கையால லீவரை அமத்திப் பிடிச்சுக்கொண்டே ஓடின நாளும் உண்டு. முறிகண்டியில பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கேக்கதான் அந்தக் கைக்கு ஓய்வு.

கிளச் போனது பெரும்போக அறுவடையோட. சேத்துக்க நெல்லு மூட்டையோட அரைக் கிளச்சில பின்னுக்கும் முன்னுக்கும் எடுத்தா எந்த பிளேட் நிக்கும்? குளக்கட்டில ஏத்தேக்க எஞ்சின் கத்துது, வண்டி ஏறுதில்லை, கருகின மணம். வீட்டை வந்து ஹான்ட்பிறேக்கை இறுக்கிப்போட்டு, நாலாம் கியரில கிளச்சை விட்டுப் பார்த்தன். எஞ்சின் உடன நிக்கவேணும். அது ஒண்டும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டு நிண்டுது. அதுக்குப் பிறகு என்ன பரிசோதனை.

கிளச்சை மட்டும் மாத்துவம் எண்டுதான் மகன் சொன்னவன். இந்த இடத்திலதான் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். கிளச் மாத்திறதுக்கு எப்பிடியும் கியர்பொக்ஸை இறக்கத்தான் வேணும். வேலையில முக்கால்வாசி அந்த இறக்கி ஏத்திறதுதான், சாமான் மாத்திறது கொஞ்ச நேரம். உறுமுற பொக்ஸைத் திரும்ப ஏத்திப்போட்டு, அடுத்த போகத்துக்குத் திரும்ப இறக்கிறது கூலியை ரெண்டு தரம் குடுக்கிற வேலை. பழைய ஒயிலை வெள்ளைச் சட்டியில வடிச்சுக் காட்டினன். வெயிலில பிடிச்சா அடியில தங்கப்பொடி மாதிரி மினுங்குது. கியர் மாறேக்க வேகத்தை ஒண்டாக்கிற சின்க்ரோ றிங்கின்ர பித்தளை முழுக்க அங்கதான் கிடந்தது. அதைக் கண்டாப்பிறகுதான் மகன் வாயை மூடினவன்.

பெயரிங்கும் றிங்கும் போட்டு அதே பொக்ஸைச் செய்யலாமோ எண்டு பார்த்தம். திறந்தா ரெண்டாம் கியரின்ர பல்லுமுனை எல்லாம் உருண்டு போச்சு. புது றிங் போட்டாலும் அது கடிக்கும். அதால ஜப்பானில கழட்டின பொக்ஸ் ஒண்டு தேடுவம் எண்டு கொழும்பில பஞ்சிகாவத்தைக்குப் போனன். அங்க போனா உனக்குத் தெரியும், ஒரு ஒழுங்கைக்குள்ள ஒரு நாட்டின்ர வாகனம் முழுக்கக் கழண்டு கிடக்கும். முதல் கடையில எல்என் 106இன்ர பொக்ஸை எடுத்துத் தந்து “இதுவும் ஹைலக்ஸ்தானே” எண்டாங்கள். ஹைலக்ஸ்தான், ஆனா அது நாலு சில்லு இழுவை. பின் முனை, முன் சில்லுக்கும் இழுவை பிரிச்சுக் குடுக்கிற ட்ரான்ஸ்பர் பொக்ஸோட பொருந்திற மாதிரி இருக்கும், என்ரதுக்கு நேர பின் அச்சுக்குப் புரொப்பலர் சாஃப்ட் போகவேணும். இன்னொருத்தன் பெற்றோல் எஞ்சினின்ரதைக் காட்டினான், அதுக்கு எஞ்சினோட பூட்டிற பெல் ஹவுசிங்கே வேற. நான் பழைய கிளச் பிளேட்டைப் பையுக்க கொண்டு போனது நல்லதாப் போச்சு. முன் சாஃப்டில அதைக் கோத்துப் பார்த்துத்தான் எடுத்தது.

நல்ல பொக்ஸை எப்பிடிப் பார்க்கிறது எண்டு நீ கேட்டதுக்கும் இதோட எழுதுறன், உன்ர மருமகன் இஞ்ச ஒரு பழைய வாகனம் வாங்கப் போறான் எண்டாய்தானே. முன் சாஃப்டைக் கையால சுத்தி ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்க்கச் சொல்லு. பின் சாஃப்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டினா ஆட்டம் இருக்கக்கூடாது. உள்ள மிச்சமிருக்கிற ஒயிலை விரலில தொட்டு மணக்கவேணும், கருகின மணமெண்டா அப்பிடியே வைச்சிட்டு வரட்டும். போல்ட் போற காதுகளில வெடிப்பிருக்கோ எண்டு துடைச்சுப் பார்க்கவேணும், அலுமினியம் எண்டபடியா கனக்க வெடிப்பு ஊத்தைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். வெளியில பெயின்ட் அடிச்சு மினுக்கி வைச்சிருந்தா அந்தக் கடையை விட்டு அங்கால போகட்டும்.

கிளச் செட்டைப் பொறுத்த வரைக்கும் நான் மலிவு பார்க்கேல்லை. ஜப்பான் எக்செடி செட், பிளேட், பிரஷர் பிளேட், றிலீஸ் பெயரிங் மூண்டும். பெட்டி ஒரே மாதிரி இருக்கிற போலிச் சாமானும் பக்கத்துக் கடையிலயே இருக்கு. பாதி விலை. பிளேட்டின்ர ஆணியளைப் பார்த்தாலே தெரியும், ஒண்டு ஆழம், ஒண்டு மேல.

பொக்ஸ் கிளிநொச்சிக்கு லொறியில வந்து சேர்ந்தது. இறக்கினது எங்கட சந்திக் கராஜில. இப்ப அதை நடத்துறவன் எங்கட மாஸ்டரிட்டக் கடைசியா நிண்ட பெடியன். குழி இல்லை, லிஃப்ட் இல்லை. முதிரைக் கட்டையில வண்டியை ஏத்தி வைச்சிட்டு முதல் வேலையா பற்றரியைக் கழட்டினான். கியர் லீவரை உள்ளால எடுத்து, புரொப்பலர் சாஃப்டில பூட்டிற இடத்துக்கு உளியால அடையாளம் போட்டு, ஸ்டார்ட்டரையும் மீற்றர் கேபிளையும் கழட்டி, கிளச்சைத் தள்ளிற ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோட ஓரமாக் கம்பியில கட்டித் தூக்கி விட்டான். குழாயைக் கழட்டினா பிறகு காத்து எடுக்கிற வேலை மிஞ்சும் எண்டு மாஸ்டர் சொல்லுறது இவனுக்கும் நினைவிருக்கு. எஞ்சினின்ர சம்புக்குக் கீழ பலகை வைச்சு ஜக் குடுத்தாப்பிறகுதான் பெல் ஹவுசிங் போல்டைத் தொட்டவன். பொக்ஸை நேரா பின்னுக்கு இழுக்கவேணும். பாதியில தொங்க விட்டா முழுப் பாரமும் கிளச் பிளேட்டின்ர நடுவில ஏறி அது வளைஞ்சு போகும்.

கிளச் பிளேட் ஒட்டிற பிளைவீலில நீலப் புள்ளியளும் மயிர்க் கோடு மாதிரி வெடிப்பும். அதை அப்பிடியே விட்டு புதுப் பிளேட்டைப் போட்டா வண்டி எடுக்கேக்க நடுங்கும் எண்டு கழட்டி லேத்துக்கு அனுப்பினம், மெல்லிசா ஒரு தட்டுச் சீவினது. பிளைவீல் கழண்டு கிடக்கேக்கயே கிராங்கின்ர பின் ஒயில் சீலையும் மாத்தினம். சீல் சின்னக் காசு. அதில ஒயில் கசிஞ்சு புதுப் பிளேட் நனைஞ்சா எல்லாம் திரும்ப முதலில இருந்து.

முன் சாஃப்டின்ர நுனியைத் தாங்கிற பைலட் பெயரிங் கழட்டினதைச் சொல்லாமல் விடேலாது. கிராங்கின்ர பின் முனையில, விரல் போற ஓட்டைக்குள்ள இறுகிக் கிடந்துது. பிடிச்சு இழுக்க ஒண்டுமில்லை. பெடியன் ஓட்டை நிறைய கிறீஸை அடைஞ்சான். பிறகு செத்துப்போன ஒரு பொக்ஸில இருந்து வெட்டின முன் சாஃப்ட் துண்டை அதுக்குள்ள வைச்சு சுத்தியலால ஒரு அடி. உள்ள போன கிறீஸுக்குப் போக வேற வழியில்லை, பெயரிங்கைப் பின்னால இருந்து தள்ளும். ரெண்டடி, திரும்பக் கிறீஸ், திரும்ப அடி. சாஃப்டின்ர ஓரத்தால கொஞ்சம் பீச்சி அவன்ர கன்னத்தில பட்டுது, துடைக்கவும் இல்லை. பெயரிங் மெல்ல மெல்ல வெளிய வந்து கிறீஸோட அவன்ர கையில விழுந்தது. நாங்கள் பொருளாதாரத் தடைக் காலத்தில இதே வேலையை நனைச்ச பேப்பரால செய்தது நினைவிருக்கே? கிறீஸுக்கு எங்க போறது அப்ப.

அதே வெட்டின சாஃப்ட் துண்டுதான் பிறகு பிளேட்டை நடுவில பிடிக்கவும் உதவினது. பிளேட்டின்ர ஸ்பிறிங் பக்கம் கியர்பொக்ஸைப் பார்க்க, துண்டைக் கோத்து வைச்சு, பிரஷர் பிளேட் போல்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினான். பொக்ஸை ஏத்தேக்க கடைசி ஒரு விரல்க்கடை போக மறுத்தது. பக்கத்தில நிண்ட ஒருத்தர் போல்டைப் போட்டு இறுக்கினா இழுத்துக்கொண்டு வரும் எண்டார். பெடியன் அவருக்குத் தேத்தண்ணி சொல்லி அங்கால அனுப்பிப்போட்டு, ஒரு கியரில போட்டு பின் சாஃப்டைக் கையால கொஞ்சம் திருப்பினான். பல்லு பொருந்தினதும் தன்ர பாட்டில போய் ஒட்டிச்சுது. போல்டால இழுத்திருந்தா காது உடைஞ்சிருக்கும்.

ஒயில் விட முதல் ஒரு கதை. நிரப்பிற நட்டு கழருதோ எண்டு பார்த்திட்டுத்தான் வடிக்கிற நட்டைக் கழட்டவேணும். இதைச் சொல்லித் தந்தது ஆரெண்டு உனக்குத் தெரியும், அந்தக் குட்டு எனக்கு இண்டைக்கும் வலிக்குது. கடைக்காரர் ஜிஎல்-5 தரக் கியர் ஒயில் தந்தார், நம்பர் பெரிசு எண்டபடியா நல்லதாம். அது பின் அச்சு டிபரன்ஷலுக்கு நல்லது. சில ஜிஎல்-5 ஒயிலில இருக்கிற கந்தக மருந்து பித்தளை றிங்கை அரிக்கும், அதால ஜிஎல்-4 தேடி எடுத்தம். நிரப்பிற ஓட்டையால வழியத் துவங்கும் வரைக்கும் விட்டது.

இப்ப ரெண்டாம் கியர் வெண்ணை. அஞ்சு இருந்த இடத்திலயே இருக்குது. முதல் கொஞ்ச நாள் பாரம் ஏத்தாமல் பரந்தன் வரைக்கும் வெறுமனே ஓடிப் பழக்கினன், பிளேட் வடிவாப் பதிஞ்சு வரட்டும் எண்டு. மகன் நேற்றுத் தானாவே சாவியை எடுத்துக்கொண்டு போய் வாழைக்குலை ஏத்திக்கொண்டு வந்தான். ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

நீ சொல்லுவாய், இவ்வளவு காசுக்கு எவ்வளவோ செய்யலாம் எண்டு. இருக்கலாம். ஆனா 1990இல தடை போட்ட நாளில இருந்து நாங்கள் ஓடினது எதில? மண்ணெண்ணையில ஒஸ்டினும் மொறிஸும். கார்பரேற்றரில ரெண்டு துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, புகையோட புதுக்குடியிருப்புக்கும் ஒட்டுசுட்டானுக்கும் போய் வந்தது. கிளச் பிளேட்டுக்குப் பழைய லைனிங்கை ஆணி அடிச்சுப் போட்டது. 2022இல எண்ணைக்கு வரிசையில நிக்கேக்க கொழும்புக்காரர் உலகம் முடிஞ்ச மாதிரிக் கதைச்சவை, இஞ்ச கிழடுகள் சிரிச்சதுகள். அதால எனக்கு ஒரு பிடிவாதம் இருக்குதெண்டா இதுதான்: என்ர வாகனத்தை என்ர ஊரில, முதிரைக் கட்டையில ஏத்தி, என்ர கண்ணுக்கு முன்னால கழட்டிப் பூட்ட ஏலவேணும். லைட் ஒண்டு எரிஞ்சுதெண்டு கொம்பியூட்டர் பூட்டிப் பார்க்க வவுனியாவுக்கு இழுத்துக்கொண்டு போற வாகனம் எனக்கு வேண்டாம். மகனுக்கு இது கிழட்டுக் கதை. அவன்ர வயசில நானும் மாஸ்டரிட்ட புது வாகனம் எடுப்பம் எண்டு நச்சரிச்சவன்தான், நீயும் பக்கத்தில நிண்டனி.

உன்ர மகனுக்குக் கியர் வண்டி ஓடத் தெரியாது எண்டு எழுதியிருந்தாய். அங்க எல்லாம் ஓட்டோமற்றிக் கியர்தானே, அவனிலயும் பிழையில்லை. ஆவணியில கூட்டிக்கொண்டு வா. இஞ்ச கிறவல் றோட்டில வைச்சுப் பழக்கிறன், புதுக் கிளச் எண்டாலும் பரவாயில்லை. நெல்லு விலையைப் பற்றி எழுதினா இன்னும் ரெண்டு பக்கம் போகும், அதை வந்தாப்பிறகு கதைப்பம். குரங்கு மட்டும் இந்த வருசம் தென்னையில ஒரு குரும்பை விடேல்லை.

வரேக்க ஒரு சாமான். கியர் லீவரின்ர அடியில வாற றப்பர் பூட் இஞ்ச சரியானது கிடைக்கேல்லை, இப்ப ரியூப் துண்டு ஒண்டைக் கட்டித்தான் ஓடுறன், தூசி உள்ள வருது. அங்க பழைய ரொயோட்டா பிக்கப்புக்கு எடுக்கலாம் எண்டு பெடியன் சொல்லுறான். அளவையும் படத்தையும் போனில அனுப்பிவிடுறன். முதல் முழங்காலைப் பார், அதுக்குப் பிறகு கடைக்குப் போ.

இப்படிக்கு,
உன்ர விசுவமடுக்காரன்