கரண்ட் இல்லாத இரவுக்குச் செல்போன் டார்ச்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதெல்லாம் வெளியாகும் முன்னெச்சரிக்கைக் குறிப்புகளில் ‘செல்போனை முழுமையாகச் சார்ஜ் செய்து வையுங்கள்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. அந்தச் சார்ஜை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருப்பதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்கு விளக்கும் செல்போன்தான், உதவிக்கு அழைக்கவும் அதுதான். விளக்காக எரித்து எரித்து, அவசரத்துக்கு அழைக்க முடியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

டார்ச் போட்டால் சார்ஜ் மளமளவென்று இறங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. இன்று பரவலாக உள்ள 5000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது; அதாவது ஒரு வாட் விளக்கை 19 மணி நேரம் எரிக்கும் அளவு. பின்புறமுள்ள எல்இடி டார்ச்சாக எரியும்போது இழுப்பது சுமார் அரை வாட்டிலிருந்து ஒரு வாட் வரைதான். போட்டோ எடுக்கும்போது அதே எல்இடியில் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது, ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும். முழு வெளிச்சத்தில் இருக்கும் திரையோ ஒன்றரை, இரண்டு வாட்டைக்கூட எட்டிவிடும். ஆகவே இருட்டில் வழி பார்க்கத் திரையின் வெளிச்சத்தைக் கூட்டித் திருப்பிப் பிடிப்பது சிக்கனம் அல்ல. டார்ச்சைப் போட்டதும் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தித் திரையை அணைத்துவிடுங்கள். டார்ச் தொடர்ந்து எரியும். நல்ல நிலையில் உள்ள பேட்டரி என்றால் இரவு முழுக்கத் தாங்கும்.

திரைக்கு அடுத்தபடியாகச் சார்ஜைத் தின்பது சிக்னல் தேடல். டவருக்கு மின்சாரம் போய்விட்டால், போன் தொலைவில் இருக்கும் டவரைப் பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டிக் கூட்டி முயலும். சட்டைப் பையில் சும்மா கிடந்தாலும் சூடாவது இதனால்தான். விளக்குக்கு மட்டும் பயன்படுத்தும் நேரத்தில் ஃப்ளைட் மோடில் போடுங்கள்; அதிலும் டார்ச் எரியும். மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு அழைப்புகளையும் செய்திகளையும் பார்க்கலாம்; அந்த நேரத்தை உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெள்ள எச்சரிக்கை வரக்கூடிய தாழ்வான பகுதிகளில் மட்டும் இந்த வழி வேண்டாம். அங்கே மொபைல் டேட்டாவை அணைத்தால் போதும். இரட்டை சிம் போனில் டவர் கிடைக்காத சிம்மை அமைப்புகளில் போய் நிறுத்திவையுங்கள். அது ஒன்றே இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்கும்.

டார்ச்சைப் போடத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தும் ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7-இலிருந்தும் டார்ச் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் திரையின் மேலிருந்து விரலைக் கீழே இழுத்தால் டார்ச் படம் தெரியும். தெரியாவிட்டால் இன்னொரு முறை இழுத்து, பென்சில் குறியைத் தொட்டு, டார்ச்சை மேல் வரிசைக்குக் கொண்டுவாருங்கள். முகப்புப் பட்டன் இல்லாத ஐபோன்களில் வலது மேல் மூலையிலிருந்து கீழே இழுக்க வேண்டும். பட்டன் உள்ள பழைய மாடல்களில் கீழிருந்து மேலே. பிளே ஸ்டோரில் டார்ச் செயலிகள் இன்றும் ஏராளம். இருப்பிடமும் தொடர்பு எண்களும் கேட்கும் டார்ச் செயலியை உடனே நீக்கிவிடுங்கள். எல்இடியை எரியவைக்க, ஆண்ட்ராய்டு 6-இலிருந்து கேமரா அனுமதிகூடத் தேவையில்லை. பல கோடி முறை இறக்கப்பட்ட டார்ச் செயலி ஒன்று பயனாளர்களின் இருப்பிடத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக, 2013-இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐபோனில் டார்ச் படத்தை அழுத்திப் பிடித்தால் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை வரும். சாம்சங் போன்களில் டார்ச்சின் பெயரைத் தொட்டாலோ அழுத்திப் பிடித்தாலோ ஐந்து படிகள் வரும். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதிக்கு இடம் உண்டு, ஆனால் போன் தயாரித்தவர் கொடுத்திருந்தால்தான். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு மிகக் குறைந்த படியே வீட்டுக்குள் நடமாடப் போதும்.

கையில் பிடித்தால் ஒரு வட்டத்துக்குள் மட்டும் வெளிச்சம் விழும். மேசைமேல் துணி விரித்து, போனைக் குப்புற வைத்து, டார்ச் கூரையைப் பார்க்கும்படி விடுங்கள். வெள்ளையடித்த கூரையென்றால் அறை முழுவதும் மெல்லிய வெளிச்சம் பரவும், எதிரில் இருப்பவர் கண்ணும் கூசாது. ஓட்டுக்கூரை, கூரைவீடு என்றால் வெளிச்சம் மேலேயே தங்கிவிடும். அங்கே தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை டார்ச்சுக்கு முன்னால் ஒட்டி வையுங்கள். தண்ணீரில் நாலைந்து சொட்டுப் பால் விட்டால், பாலிலுள்ள கொழுப்புத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து பாட்டில் முழுவதும் வெண்மையாக ஒளிரும். எரியும் டார்ச்சைத் தலையணைக்கோ மெத்தைக்கோ அடியில் வைக்கக் கூடாது. எல்இடியின் சூடு வெளியேற வழியில்லாமல் போனுக்குள்ளேயே தங்கும்.

டார்ச் எரியவில்லை என்றால் எல்இடி போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கேமராவோ வீடியோ அழைப்போ திறந்திருந்தால் டார்ச் பட்டன் மங்கிப்போய் இயங்காது. கேமராவும் டார்ச்சும் ஒரே எல்இடியைப் பங்கிடுவதால் இப்படி. எல்லாச் செயலிகளையும் மூடிப் பாருங்கள். அதற்கும் எரியாவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். போன் அதிகம் சூடாகியிருந்தாலும் எல்இடி தற்காலிகமாகத் தடுக்கப்படும். ஆறினால் தானாகச் சரியாகும். வெளிச்சம் மங்கலாகவோ புகைபோலவோ வந்தால் பின் கவரின் துளையில் தூசி அடைத்திருக்கும், அல்லது கவர் எல்இடியின் ஓரத்தை மறைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: சார்ஜ் மிகவும் இறங்கிவிட்டால் பல போன்கள் டார்ச்சை எரியவே விடாது. அந்த வரம்பு மாடலுக்கு மாடல் மாறும். மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரியில் உள் மின்தடை கூடியிருக்கும். 20 சதவீதம் காட்டும்போதே எல்இடி இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் சரிந்து போன் சட்டென்று அணைந்துவிடலாம். ஆகவே 20 சதவீதத்தைத் தொட்டதும் டார்ச்சை நிறுத்திவிட்டு, மிச்சத்தை அவசர உதவிக்கான 112-க்கோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கோ பேச வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அட்டையில் எழுதியிருக்கும் 10000 எம்ஏஎச் என்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டுக்கு மாறும்போது இழப்பு போக 6000 சொச்சம்தான் வெளியே வரும். பெரிய பேட்டரி போனை ஒருமுறை முழுதாக நிரப்பினால், மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

திரை வெளிச்சத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து வெளிச்சப் பட்டை நம் கண்ணின் உணர்வுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருக்கிறது. பட்டையைப் பாதியில் வைத்தால் திரை உண்மையில் வெளியிடும் ஒளி பாதியைவிட வெகு குறைவு. வலது கோடியில் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சத் தூரத்தில்தான் சார்ஜ் வேகமாகக் கரைகிறது. அதைத் தவிர்த்தாலே பெரிய மிச்சம். இரவில் கடைசிப் படியும் கூசினால், ஆண்ட்ராய்டு 12-இலிருந்து ‘எக்ஸ்ட்ரா டிம்’ என்ற வசதி இருக்கிறது. மஞ்சள் நிறமாக்கும் நைட் லைட் வேறு. அது சார்ஜை மிச்சப்படுத்தும் வழி அல்ல.

டார்க் மோடு எனும் கறுப்புப் பின்னணி எல்லாப் போனிலும் பயன் தராது. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால், கறுப்பைக் காட்டினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளிகள் எரிவதே இல்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் ஓஎல்இடி போன்களில் அளந்தபோது, முழு வெளிச்சத்தில் டார்க் மோடு சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சப்படுத்தியது. 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் கிடைத்த மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான்.

தானியங்கி வெளிச்சம் சரியாக வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி டெம்பர்டு கிளாஸ்தான். ஒளியை அளக்கும் சென்சார் திரையின் மேற்புறம், இயர்பீஸை ஒட்டி இருக்கும். கறுப்பு விளிம்புள்ள கிளாஸை வேறு மாடலுக்கு ஒட்டினால் அது சென்சாரை மூடிவிடும். போன் எப்போதும் இருட்டிலேயே இருப்பதாக நினைத்து, நடுப்பகலிலும் திரையை மங்கலாக்கும். கிளாஸ் மாற்றும்போது அந்த மாடலுக்கே உரியதைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சம் மிகக் குறைந்துபோய் வெயிலில் ஒன்றும் தெரியவில்லையென்றால், நிழலுக்குப் போய்த் தலைக்கு மேல் துணியைப் போர்த்திக்கொண்டு, மேலிருந்து இழுத்துப் பட்டையைத் தள்ளுங்கள், போன் செத்துவிடவில்லை.

கடைசியாக, இருட்டில் கேஸ் நாற்றம் வந்தால் டார்ச் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் தேடாதீர்கள். அந்த அறையில் செல்போனையோ சுவிட்சையோ தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகே கேஸ் கசிவுக்கான 1906-ஐ அழையுங்கள்.

இந்த ஆண்டுப் பருவமழைக் குறிப்பை அச்சிடும்போது, சார்ஜ் செய்து வைக்கச் சொல்லும் வரிக்குக் கீழே, டார்ச்சைப் போட்டதும் திரையை அணைக்கச் சொல்லியும் 20 சதவீதத்தில் டார்ச்சை நிறுத்தச் சொல்லியும் இரண்டு வரிகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுநீக்குநர்,
நாகப்பட்டினம்