கராராவிலிருந்து அப்பாவுக்கு

கராரா, இத்தாலி
ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, செல்வி, அத்தை எல்லோரும் நலம்தானே? செல்வி எழுதிய கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. எழுத்து அவளுடையது, திட்டு உங்களுடையது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஐந்து மாதம் எழுதாமல் இருந்தது தப்புதான். போனில் பேசுகிறேனே என்றால், அதில் நீங்கள் "ம்" கொட்டுவதோடு சரி. இதைச் செல்வி நிதானமாகப் படித்துக் காட்டட்டும்.

முதலில் அம்மாவுக்கு. போட்டோவில் மலை வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, பிள்ளை பனியில் கிடக்கிறான் என்று அழுதாளாமே. அது பனி இல்லை அம்மா, கல். வெட்டிய பளிங்கின் சல்லியும் தூளும் மலைச்சரிவில் வழிந்து கிடக்கின்றன. ஆடி மாதத்திலும் அதே வெள்ளைதான். உண்மையான குளிர் எங்கள் சிற்பப் பட்டறைக்குள்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கல் குடித்து வைத்த குளிரெல்லாம் காலையில் கை வைத்ததும் எலும்பில் ஏறும். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றிச் சுட்டு விற்கிறார்கள், அடை மாதிரியே இருக்கும். மிளகாய் மட்டும்தான் கிடையாது. பக்கத்து மலைக் கிராமத்தில் பளிங்குத் தொட்டி குடைந்து, அதற்குள் பன்றிக்கொழுப்பை உப்பும் பூண்டும் போட்டு மாதக்கணக்கில் ஊற வைக்கிறார்கள். நான் தொடவில்லை. கல்லை இதற்கும் பயன்படுத்துவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் எழுதினேன்.

"அங்கே அப்படி என்னதான் செதுக்குகிறாய்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நகல்தான் அப்பா. வெட்கப்பட ஒன்றுமில்லை. ரோமானியர்கள் கிரேக்க வெண்கலச் சிலைகளைப் பார்த்துக் கல்லில் நகல் செய்தார்கள். வெண்கலம் பெரும்பாலும் உருகிப் போனது, நகல் நின்றது. ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து மைக்கேலாஞ்சலோ என்ற இத்தாலியச் சிற்பியின் காலத்தவர்கள் அந்த நகல்களைப் பார்த்துத்தான் கை பழகினார்கள். நாங்கள் இப்போது அவர்களுடையதையும் நகலெடுத்து, பணக்காரர்கள் வீட்டுத் தோட்டத்துக்கு அனுப்புகிறோம். பிளாஸ்டர் உருவத்தில் புள்ளி குறித்து, ஊசி வைத்த ஒரு கருவியால் ஆழம் அளந்து கல்லுக்கு மாற்றுவார்கள். நூலும் செங்காவிக் கோடும் கண்ணும் இருந்தால் போதும் என்பீர்கள் நீங்கள். நானும் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கருங்கல்லுக்கு முன்னால் இது மாவுக்கல்லுக்கு அண்ணன், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலு தடவை உளி காய்ச்சி அடித்த கைக்கு இது வெண்ணெய். முதல் வாரம் என் அடிக்கு ஒரு குழந்தையின் காது தெறித்துவிட்டது. உங்களுக்கு இதை இதுவரை சொல்லவில்லை. ஆனால் வேட்டு வைத்த சுரங்கங்களுக்கு நடுவில், 2000 வருஷத்துக்கு முன்னால் ரோமானியர்கள் வெட்டிய பாறையும் அங்கங்கே இருக்கிறது. அதில் ஆப்பு இறக்கிய அடையாளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நம் ஊர்ப் பாறையில் வரிசையாகக் குழி இருக்குமே, சின்ன வயதில் அதற்குள் புளியங்கொட்டை போட்டு விளையாடுவோமே, அதன் ஞாபகம் வந்துவிட்டது.

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஃபிளாரன்ஸ் போயிருந்தேன். அன்றைக்கு அரசு மியூசியங்களில் டிக்கெட் கிடையாது. மைக்கேலாஞ்சலோ செய்த டேவிட் சிலையைப் பார்த்தேன். இந்த மலைக் கல்தான். 1501-ல் தொடங்கி 1504-ல் முடித்தது, உயரம் ஐந்து மீட்டருக்கும் மேல். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், நான் இடுப்பைப் பார்த்தேன். நம் சிலைகள் லேசாக வளைந்து நிற்குமே, சுத்தமாக அந்த ஆபங்கம் அப்பா! வலது காலில் பாரம், இடது கால் தளர்வு, இடுப்பு வலது பக்கம் ஏற, தோள் அதே பக்கம் இறங்குகிறது. மைக்கேலாஞ்சலோவுக்கு 1900 வருஷம் முன்பே பாலிகிளைட்டஸ் என்ற கிரேக்கச் சிற்பி, ஈட்டி ஏந்திய ஓர் ஆளை இப்படி நிற்க வைத்துவிட்டார். அவருடைய வெண்கலம் இப்போது இல்லை, ரோமானியர் செய்த கல் நகல்தான் இருக்கிறது. அந்த நகலில் காலை ஒட்டி ஒரு மரக்கட்டை நிற்கும். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெண்கலம் இரண்டு காலில் நிற்கும், கல்லுக்குக் கணுக்காலில் முட்டு வேண்டும். டேவிடின் வலது காலுக்குப் பின்னாலும் அதே மரக்கட்டை! டேவிட் பைபிளில் வரும் மேய்ப்பன் பையன், அதனால் மரம் என்று பக்கத்தில் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்து அங்கே அந்தக் கட்டையைப் படம் எடுத்தவன் நான் ஒருவன்தான்.

இன்னொன்று கேளுங்கள். இயேசு பிறப்பதற்குச் சில பத்து வருஷம் முன்னால் விட்ரூவியஸ் என்ற ரோமானியர் கட்டடக்கலைக்கு ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் முகவாயிலிருந்து மயிர் தொடங்கும் இடம் வரை முகம், அது மொத்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்கிறார். முகத்தைப் போலப் பத்து மடங்கு உயரம், நம் தசதாலம்! உங்கள் அங்குலக் கணக்கு இன்னும் நுணுக்கம் என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். அவர் எழுத்தில் சொன்ன அளவை 1490 வாக்கில் ஓவியர் லியொனார்டோ டா வின்சி வரைந்து பார்த்தார், வட்டத்துக்குள் கை கால் விரித்து நிற்கும் ஆள். செல்வியின் பள்ளிக்கூட நோட்டு அட்டையில்கூட அந்தப் படம் இருந்தது. பிள்ளையாருக்குப் பஞ்சதாலம் என்று நீங்கள் பிரம்பால் தட்டிச் சொல்லிக் கொடுத்த வயதில் அதைப் பார்த்திருந்தால் எனக்கு இரண்டு அடி குறைந்திருக்கும்.

கீழ் வீட்டுக் கிழவரைப் பற்றி முன்பு எழுதினேனா? பழைய சுரங்கத் தொழிலாளி. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. கோயில் பக்கமே போக மாட்டார். ஆனால் குளியலறையில் கை இல்லாத வீனஸ் பிளாஸ்டர் சிலை ஒன்று வைத்திருக்கிறார், ஈரத் துண்டைப் போடுவதற்கு. மைக்கேலாஞ்சலோவைப் பற்றி ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி பேசுவார். அந்த மைக்கேலாஞ்சலோ அண்ணன் இருபது, இருபத்தொரு வயதில் தூங்கும் மன்மதக் குழந்தை ஒன்று செய்தாராம். மண்ணில் புதைந்து கிடந்த பழைய சிலை மாதிரி ஆக்கினால் விலை போகும் என்று யாரோ யோசனை சொல்ல, அப்படியே செய்து கொடுத்தார். வியாபாரி அதை ரோமில் கார்டினல் பதவியில் இருந்த பெரிய பாதிரியார் ஒருவருக்கு 200 டுகாட் தங்கக் காசுக்கு விற்றுவிட்டு, இவர் கையில் 30 டுகாட் வைத்தான். குட்டு வெளிப்பட்டது. கார்டினல் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார், ஆனால் யார் இந்தப் பையன் என்று ரோமுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கிழவர் இந்தக் கதையை மாதம் ஒரு முறை சொல்வார். 30 டுகாட் என்னும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. நம்மிடம் ஒரு விரல் ஒடிந்தாலும் சிலை பின்னம், பூஜைக்கு ஆகாது. இங்கே ரோமில் போப் இருக்கும் வாத்திகனில் தலை, கை, முழங்காலுக்குக் கீழே எதுவுமில்லாத ஒரு முண்டம், அதைத்தான் கொண்டாடுகிறார்கள். மைக்கேலாஞ்சலோ அதைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். அங்கேயே சிஸ்டைன் கோயிலில் அவர் வரைந்த கூரை ஓவியத்தில் திரும்பி உட்கார்ந்திருக்கும் முதுகெல்லாம் அதுதான் என்கிறார்கள். வர்ணமும் அப்படியே. கிரேக்கரும் ரோமானியரும் நம் கோபுரம் மாதிரி உதட்டுக்கும் உடைக்கும் வர்ணம் தீட்டியவர்கள். மண்ணுக்குள் கிடந்து வர்ணம் போயிற்று. தோண்டி எடுத்தவர்கள் வெள்ளைதான் அழகு என்று எண்ணிக்கொண்டு, வெள்ளையாகவே செய்ய ஆரம்பித்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு வர்ணம் அடித்ததைப் பார்த்துக் கண்ணைக் கூசுகிறது என்றார்களே அந்த டூரிஸ்ட்டுகள், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இவர்கள் தோண்டி எடுத்துப் படித்தார்கள். எனக்கு நீங்கள் மடியில் உட்கார வைத்து உளியைப் பிடிக்கக் கொடுத்தீர்கள். அதை எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது, விடுங்கள்.

பட்டறையில் புதிதாக ஓர் இரும்புக் கை வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள உருவத்தைப் பார்த்து ராத்திரி பகலாகத் தானே குடையும். கடைசி மெருகு மட்டும் எங்களுக்கு. அதனால் வாரத்துக்கு மூன்று நாள் போனால் போதும். நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது. இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளும், பேங்கில் ஏதோ பேப்பர் கேட்கிறார்கள். கவலை வேண்டாம்.

போன சனிக்கிழமை காலையில் தூக்கத்தில் டிக், டிக், டிக் என்று சத்தம். எழுந்து, "அப்பா, டீ குடிச்சாச்சா?" என்று கேட்டேவிட்டேன். கிழவர் தன் வாசல் படியைக் கொத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஜன்னலிலேயே நின்றேன். அப்புறம் கீழே போய் உளியை வாங்கி நானே கொத்திக் கொடுத்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு அவர் வீட்டில்.

சரி, வீட்டு விஷயம். செங்கல்பட்டு வரன் பற்றிச் செல்வியிடமே கேளுங்கள், கடிதத்தில் அவள் அந்த வரியை மட்டும் அவசரமாக எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பிடித்திருந்தால் பேசுங்கள், ஆனால் நகைக் கணக்கை ஆவணி வரை இழுத்துப் பிடியுங்கள். பெரியப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வந்தால் மரியாதையாக டீ கொடுத்து அனுப்புங்கள். கொட்டாய் இருக்கும் மூன்று சென்ட் யார் பெயரில் என்று கிராம அலுவலரிடம் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். உங்கள் கண் ஆபரேஷனை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். மாமா கூட வருவதாகப் போனில் சொன்னார், மாசியிலேயே முடித்துவிடுங்கள். கண் கட்டு அவிழ்க்கும் வரை கொட்டாய்ப் பக்கம் போகக் கூடாது, தூசி ஆகாது. அம்மா, நீ சாவியை ஒளித்து வை.

உங்கள் அன்பு மகன்,
குமார்

பி.கு: செல்வி, அப்பாவின் பழைய நகாசு உளி, நுனி வளைந்த சின்னது, பரண் மேல் தகரப் பெட்டியில் இருக்கும். மாமா பையன் ஏப்ரலில் மிலான் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடு. கூடவே வத்தக்குழம்புப் பொடி.