முனையம் மட்டும் போதாது, ஆழமும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கங்கையில் சரக்குப் போக்குவரத்தை விரிவாக்குவது பற்றிய செய்தியைப் படித்தேன். ஹால்டியா-அலகாபாத் இடையிலான 1,620 கி.மீ. பாதை 1986ல் முதலாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. வாரணாசி சரக்கு முனையம் 2018ல் திறக்கப்பட்டது. பாரந்தூக்கியும் படகுத்துறையும் கண்ணுக்குத் தெரிவதால் பாராட்டுப் பெறுகின்றன. ஆனால் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது வழியிலுள்ள ஆகக் குறைந்த ஆழம்தான். ஒரே ஒரு மணல்திட்டு குறுக்கிட்டாலும் முழுப் பயணத்துக்கும் பாரத்தைக் குறைக்க வேண்டும். இங்கு சிங்கப்பூரில் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) பணியில் இருக்கும் நாங்கள், படகு நீரில் எவ்வளவு அமிழ்ந்துள்ளது எனக் காட்டும் ஆழக்குறிகளை முன், நடு, பின் என இருபுறமும் ஆறு இடங்களில் படித்தே ஏற்றிய எடையைக் கணக்கிடுகிறோம். 70 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட பார்ஜில், அமிழும் ஆழத்தில் 10 செ.மீ. வேறுபாடு என்பது ஏறக்குறைய 75 டன்.

மழைக்கால வண்டல், தூர்வாரிய பள்ளத்தை மீண்டும் நிரப்பிவிடும். ஆகவே அள்ளிய மணலின் அளவுக்கு அல்லாமல், கோடையிலும் குறித்த ஆழத்தைக் காத்த நாள்களுக்கே எல்லாப் பகுதிகளிலும் ஒப்பந்ததாரருக்குப் பணம் தரவேண்டும். வெள்ளம் வடியத் தொடங்கும்போதே மூங்கில் தட்டிகளை நட்டு நீரோட்டத்தை ஒரே தடத்துக்குத் திருப்பினால், ஆறே மணலை அரித்துச் செல்லும். தூர்வாரும் செலவும் குறையும்.

வாசகர்,
ஜூரோங் வெஸ்ட்