இறப்பின் காரணத்தைச் சொல்லும் பொறுப்பு மருத்துவரிடம் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கள்ளச்சாராயச் சாவுகள், காவல் மரணங்கள், மணமான சில ஆண்டுகளுக்குள் இளம்பெண்கள் இறந்துபோகும் நிகழ்வுகள் ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், ‘உடற்கூறாய்வு அறிக்கை வந்த பிறகே உண்மை தெரியவரும்’ என்னும் வரி தவறாமல் இடம்பெறுகிறது. அந்த அறிக்கை எப்படி உருவாகிறது, அதை எழுதும் மருத்துவருக்கு என்னென்ன தகவல்கள் கிடைக்கின்றன, எழுதி முடித்தபின் அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. வட்ட அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் பணியாற்றி, புறநோயாளிகளைப் பார்த்த கையோடு பிணவறைக்கும் சென்று வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஐயத்துக்குரிய இறப்புகளை ஆராய்ந்து காரணத்தை அறிவிக்கும் அதிகாரம், காவல் துறையையும் வருவாய்த் துறையையும் சாராத, மருத்துவர்கள் தலைமையில் இயங்கும் மண்டல அலுவலகங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கள்ளக்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அந்த இறப்புகளுக்குக் கள்ளச்சாராயம் காரணம் அல்ல என்ற விளக்கமே மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து முதலில் வந்தது. வயிற்றுப்போக்கு, வலிப்பு போன்ற வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. துக்க வீட்டுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாகப் பின்னர் செய்திகள் வெளியாயின. முடிவில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, பிறகு வழக்கும் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. தண்டிக்கப்பட வேண்டியவர்களைப் பற்றி நிறையப் பேசினோம். ஆனால் ஒரு கேள்வியை யாரும் அழுத்திக் கேட்கவில்லை: முதல் உடலைக் கண்டவுடன், இது மெத்தனால் நஞ்சாக இருக்கலாம், யாரும் குடிக்காதீர்கள், குடித்தவர்கள் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள் என்று ஊருக்கு அறிவிக்கும் சட்டப்படியான அதிகாரம் எந்த மருத்துவருக்கு இருந்தது? எனக்குத் தெரிந்தவரை, எவருக்கும் இல்லை.

மெத்தனாலைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு உயிரின் விலை உண்டு. அதைக் குடித்தவர் உடனே சாய்ந்துவிடுவதில்லை. உடலுக்குள் அது மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறுவதால், கடும் அறிகுறிகள் தோன்றப் பல மணி நேரம், சில நேரங்களில் ஒரு நாள்கூட ஆகலாம். முதலில் வருவது வாந்தியும் வயிற்றுவலியும்தான். பார்வை மங்குவது பிறகு. அந்த இடைவெளியில் மருத்துவமனைக்கு வந்துவிட்டால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் பலரைக் காப்பாற்றும், கண்ணையும் காப்பாற்றும். ஆகவே முதலில் இறந்தவரின் உடல் சொல்லும் செய்தி, உயிரோடு இருப்பவர்களுக்கான எச்சரிக்கை ஆகும். 2023-ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சுக்கு 20-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகும், அந்த எச்சரிக்கையை யார் தருவது என்பதை நாம் முடிவு செய்து வைக்கவில்லை.

இப்போதுள்ள நடைமுறையைச் சற்று விளக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவாக நடைமுறையில் உள்ளது. எண் மாறியது, நடைமுறை ஏறக்குறைய அதேதான். தற்கொலை, விபத்து, ஐயத்துக்குரிய சாவு என்று தகவல் கிடைத்தவுடன் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி நிர்வாக நடுவருக்குத் தெரிவித்துவிட்டு, உடல் கிடக்கும் இடத்துக்குச் செல்கிறார். அக்கம்பக்கத்தில் வசிக்கும் மதிப்புக்குரிய இருவரோ அதற்கு மேற்பட்டோரோ முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தி, காயங்களையும் வெளிப்படையாகத் தெரியும் இறப்புக் காரணத்தையும் எழுதுகிறார். காரணத்தில் ஐயம் இருந்தால், அல்லது தேவை என்று அவர் கருதினால், உடலை மருத்துவரிடம் அனுப்புகிறார். மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்கிறார், காவலில் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்கிறார். இந்த ஏற்பாட்டில் மருத்துவர் எந்தக் கட்டத்திலும் விசாரிப்பவர் அல்லர். அனுப்பப்பட்ட உடலைத் திறந்து பார்த்துக் கருத்துக் கூறுபவர், அவ்வளவுதான்.

அவர் கைக்கு வருவது எது? காலை பத்து மணிக்கு, புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் வேளையில், தலைமைக் காவலர் ஒருவர் உடற்கூறாய்வு கோரும் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தவர் வாழ்க்கையில் வெறுப்புற்று விஷம் அருந்தினார்’ என்று அதில் எழுதியிருக்கும். கிராமப்புறத்தில் பணியாற்றிய எந்த மருத்துவரைக் கேட்டாலும் இந்த வயிற்றுவலியைத் தெரியும் என்பார். பூச்சிமருந்து குடித்தவர், குடும்பச் சண்டையில் இறந்தவர், எலிப்பசை தின்றவர் என எல்லார் கடிதத்திலும் அது இருக்கும். அவர் குடித்த புட்டி எங்கே, அதில் என்ன பெயர் ஒட்டியிருந்தது, அவர் விழுந்து கிடந்தது வயலிலா வீட்டிலா, வாந்தி எடுத்திருந்தாரா, கதவு உள்ளே தாழிட்டிருந்ததா என்பவற்றில் ஒன்றையும் மருத்துவர் பார்த்திருக்க மாட்டார். கேட்டாலும் கடிதம் கொண்டுவந்தவருக்குத் தெரியாது, ஏனென்றால் சம்பவ இடத்துக்குப் போனவர் வேறொருவர்.

உடலைத் திறந்து பார்த்து, இரைப்பையையும் அதில் உள்ளதையும், சிறுகுடலில் ஒரு பகுதியையும், கல்லீரலில் ஒரு துண்டையும், இரண்டு சிறுநீரகங்களிலும் பாதியையும் எடுத்து, நிறைவுற்ற உப்புக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளில் இட்டு, மூடியைச் சுற்றித் துணி கட்டி அரக்கு முத்திரை வைத்து அனுப்புகிறோம். ரத்தத்துக்குத் தனிக் குப்பி. அதில் சோடியம் ஃபுளூரைடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் அழுகும்போது உருவாகும் ஆல்கஹாலையும் உயிரோடு இருந்தபோது குடித்த ஆல்கஹாலையும் பிரித்தறிவது கடினமாகிவிடும். விழிக்குள் இருக்கும் திரவத்தையும் ஊசியால் உறிஞ்சி அனுப்புவது மெத்தனால் வழக்குகளில் மிகவும் உதவும். இவ்வளவையும் செய்து, ‘உள்ளுறுப்புகளின் ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரும் வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறோம். அந்த அறிக்கை தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து வருவதற்குள் மருத்துவர் பல நேரங்களில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். இறுதிக் கருத்தை வாங்கக் காவலர் அவரைத் தேடி அலைவார், இறந்தவரின் மனைவியோ காப்பீட்டுத் தொகைக்காகக் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறி நடப்பார். தன் கணவர் எதனால் இறந்தார் என்பதை ஒரு பெண்ணுக்கு உட்கார வைத்து விளக்கிச் சொல்லும் கடமை இந்த ஏற்பாட்டில் எவருக்கும் இல்லை. பணியில் இருந்த காலமெல்லாம் என்னை மிகவும் உறுத்தியது இதுதான்.

இதற்கு வேறு வழி உண்டா என்றால், உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நியூயார்க் நகரம் அதைச் செய்தது. அங்கும் அதற்கு முன் இறப்பு விசாரணை, தேர்தலில் வென்று வந்தவர்களின் கையில் இருந்தது. சவ அடக்கத் தொழில் செய்தவர்களும், மதுக்கடை நடத்தியவர்களும், குழாய் வேலை பார்த்தவர்களும்கூட அந்தப் பதவியில் அமர்ந்து இறப்புக் காரணம் எழுதினர். அந்த ஊழலை நகர நிர்வாகத்தின் விசாரணையே 1915-இல் அம்பலப்படுத்தியதும், புதிய சட்டம் இயற்றப்பட்டு, 1918 முதல் மருத்துவர் சார்லஸ் நாரிஸ் தலைமையில் தனி அலுவலகம் இயங்கத் தொடங்கியது. அவர் அலெக்சாண்டர் கெட்லர் என்னும் வேதியியலரை அமர்த்தி அதே அலுவலகத்துக்குள் நச்சியல் ஆய்வகத்தையும் அமைத்தார். கருவிகளுக்கு நகர நிர்வாகம் பணம் தர மறுத்தபோது தன் சொந்தப் பணத்தையும் செலவிட்டார்.

அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த ஆண்டுகளில் அந்த அலுவலகம் செய்த பணியை நம் மாநிலத்தார் அனைவரும் அறிய வேண்டும். தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்க முடியாதபடி செய்வதற்காக அதில் மெத்தனாலை அதிகமாகக் கலக்க அரசே உத்தரவிட்டிருந்தது. அதைத் திருடி விற்றவர்களிடம் வாங்கிக் குடித்தவர்கள் செத்தனர், குருடாயினர். 1926-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள்களில் மருத்துவமனைகள் நிரம்பியபோது, நாரிஸ் தன் ஆய்வகத்தின் முடிவுகளை வைத்துக்கொண்டு மக்களை எச்சரித்தார், அந்தச் சாவுகளுக்கு அரசின் கொள்கையும் பொறுப்பு என்று வெளிப்படையாகவே கூறினார். அவர் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்கவில்லை. உடலைப் பார்த்தவர் அவர், உண்மையைச் சொல்லும் பதவியும் அவருடையது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக்குத் தேவைப்பட்டது அப்படியொரு பதவியில் இருந்த ஒருவரே.

இப்போது அமெரிக்காவில் பல மாநிலங்களில், மாநில அளவிலான தலைமை அலுவலகமும் அதன்கீழ் மண்டல அலுவலகங்களும் உள்ளன. வர்ஜினியா மாநிலம் முழுவதையும் நான்கு மண்டல அலுவலகங்கள் கவனிக்கின்றன. அலுவலகத்தின் சார்பில் பயிற்சி பெற்ற விசாரணையாளர்கள் சம்பவ இடத்துக்குச் செல்கிறார்கள், மருந்துப் புட்டிகளைப் பார்க்கிறார்கள், குடும்பத்தாரிடமும் சிகிச்சை அளித்த மருத்துவரிடமும் பேசுகிறார்கள். உடற்கூறாய்வு தேவையா என்பதையும் மருத்துவரே முடிவு செய்கிறார். இறுதியில் இறப்பின் காரணத்தோடு, அது இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா, தீர்மானிக்க இயலாததா என்பதையும் அவரே எழுதுகிறார். யார் குற்றவாளி என்பதைக் காவல் துறையும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்கின்றன. அங்கும் ஆள் பற்றாக்குறையும் தாமதமும் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை.

இது மேலைநாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்தியாவில் பதிவாகியுள்ள முதல் சட்ட மருத்துவ உடற்கூறாய்வு நடந்தது நம் சென்னையில், 1693-ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கும்பினியின் சபை உறுப்பினர் ஒருவர் நஞ்சால் இறந்தாரோ என்ற ஐயத்தின் பேரில் எட்வர்ட் பல்க்லி என்னும் மருத்துவர் அதைச் செய்தார். நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதனை ஆய்வகமும் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் தோன்றியது, அதுவும் மருத்துவத் துறையின் கீழ். உடலை ஆய்வதும் நஞ்சைக் கண்டறிவதும் ஒரே துறையின் பணியாக இருந்த அந்த ஏற்பாட்டை நாம் கைவிட்டுவிட்டோம்.

நம் புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆவது பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. குற்றம் என்று தெரிந்த பிறகே அந்தப் பிரிவு பொருந்தும். குற்றமா இல்லையா என்றே தெரியாத இறப்புகள் 194-ஆவது பிரிவின்கீழ் வருகின்றன, அங்கே எந்த நிபுணரும் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கயிறு தொங்கிய உத்தரத்தையும், கவிழ்ந்து கிடந்த நாற்காலியையும், பாதி குடித்த தம்ளரையும் மருத்துவப் பயிற்சி உள்ள ஒருவர் பார்க்காமலேயே அவை அப்புறப்படுத்தப்படுகின்றன.

செலவைப் பற்றிய தயக்கத்துக்கும் பதில் இருக்கிறது. 2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்ட பிறகு, தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரியும் அதில் சட்ட மருத்துவத் துறையும் உள்ளன. கள்ளக்குறிச்சியிலேயே உள்ளது. கட்டடமும் பிணவறையும் இருக்கின்றன; சட்ட மருத்துவம் படித்தவர்களும் இருக்கிறார்கள். சில மாவட்டங்களை ஒரு மண்டலமாக இணைத்து, ஓர் அலுவலகத்தையும், அதனுடன் ஒரு நச்சியல் ஆய்வகத்தையும், இரவு பகலாகச் சம்பவ இடத்துக்குச் செல்லும் பயிற்சி பெற்ற சில விசாரணையாளர்களையும், ஒரு வாகனத்தையும் தருவது இயலாத காரியம் அன்று. மெத்தனால் இருக்கிறதா என்பதை வாயு குரோமட்டோகிராபி கருவி சில மணி நேரத்தில் சொல்லிவிடும். மாதிரி அந்தக் கருவியின் வாசலை அடைய ஆகும் நாள்களே இன்று நமக்குத் தடையாக உள்ளன.

2020-இல் காவலில் இறந்த சாத்தான்குளம் தந்தை, மகன் இருவரின் உடற்கூறாய்வு, மூன்று மருத்துவர்கள் கொண்ட குழுவால் காணொளிப் பதிவுடன் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் செய்யப்பட்டது. நீதிமன்றமும் ஊரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தக் கவனம் கிடைத்தது. யாரும் உற்றுப் பார்க்காத கூலித் தொழிலாளியின் உடலுக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டுமானால், அது அலுவலகத்தின் அன்றாட விதியாக இருக்க வேண்டும்.

ஆகவே, சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான சட்ட முன்வரைவு கொண்டுவரப்பட வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று செய்திகள் அதில் தெளிவாக இடம்பெற வேண்டும். மண்டல இறப்பு விசாரணை மருத்துவர், உள்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். ஒரே பகுதியில் ஒரே மாதிரியான இறப்புகள் ஒன்றுக்கு மேல் நிகழ்ந்தால் யாரிடமும் அனுமதி பெறாமல் பொது எச்சரிக்கை விடுக்க அவருக்கு உரிமை வேண்டும். இறுதிக் கருத்து குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுதப்பட்டு, அதன் நகல் கட்டணமின்றி இறந்தவரின் குடும்பத்துக்கு, அவர்களுக்குப் புரியும் தமிழில், நேரில் விளக்கித் தரப்பட வேண்டும். ஒன்றிய அரசின் நடைமுறைச் சட்டத்தில் திருத்தம் தேவைப்படும் இடங்களில், மாநிலத் திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறும் வழி அரசியல் சாசனத்திலேயே உள்ளது. அதுவரை காத்திராமல், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களை ஒரு மண்டலமாக்கி, அரசாணை ஒன்றின் மூலம் இதனைத் தொடங்கி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.