இரண்டாவது பெயர், மூன்றாவது துளை

தம்பி கவின்,

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் அல் கோர் புளோரிடா மாநிலத்தை ஜார்ஜ் புஷ்ஷிடம் இழந்ததற்கு, மூன்றாவது கட்சிக்காரர் ரால்ஃப் நாடர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். நாடர் அங்கே வாங்கியது 97,488 ஓட்டு. புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். கூட்டிக் கழித்தால் நீ சொல்வது சரிதான். ஆனால் நாடருக்குப் போட்டவர்கள் நாடருக்கென்றே போட்டார்கள். நினைத்தது ஒருவர், குத்தியது வேறொருவர் என்று ஆனவர்களை நீ கணக்கில் சேர்க்கவே இல்லை.

புளோரிடாவின் பாம் பீச் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வாக்குச்சீட்டுப் படத்தை எடுத்துப் பார். விரித்த புத்தகம் மாதிரி இரண்டு பக்கம். நடுவே ஒரே வரிசையில் துளைகள்; வேண்டியவருக்கான துளையில் ஊசியால் அட்டையைக் குத்துவதுதான் ஓட்டு. இடப்பக்கம் முதல் பெயர் புஷ், அடுத்தது கோர். வலப்பக்கம் உச்சியில் பாட் புகேனன் என்ற இன்னொரு வேட்பாளர். துளைகளோ இரு பக்கத்துக்கும் மாறி மாறி வரும்: முதல் துளை புஷ், இரண்டாவது புகேனன், மூன்றாவதுதான் கோர். இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்று குத்தினால் போச்சு. புகேனனுக்கு அங்கே 3,400க்கு மேல் விழுந்தது. அதைவிடப் பெரிய கவுண்டிகளான பிரவர்டிலும் மயாமி-டேடிலும் அவர் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. கோர், புகேனன் இரண்டு துளையும் விழுந்து செல்லாமல் போன அட்டைகள் மட்டும் 5,000க்கு மேல்.

முதியவர்கள் நிறைந்த ஊர், பத்து வேட்பாளர்கள், எழுத்தாவது பெரிதாக இருக்கட்டும் என்றுதான் தேர்தல் அதிகாரி தெரசா லிபோர் இப்படி அமைத்தார். அவர் கோரின் கட்சிக்காரர் வேறு!

டுவால் கவுண்டியில் வேறு கூத்து. வேட்பாளர் பட்டியல் அடுத்த பக்கத்துக்கும் நீண்டது. மாதிரிச் சீட்டிலோ எல்லாப் பக்கத்திலும் வாக்களிக்கச் சொல்லியிருந்தது. சொன்னபடி செய்ததில் ஒரே அட்டையில் இரண்டு பேருக்கு விழுந்து, 20,000க்கு மேற்பட்ட ஓட்டு வீணானது.

தொலைக்காட்சி காட்டியதோ, குத்தும்போது அட்டையிலிருந்து பெயர்ந்து விழும் 'சாட்' எனும் துணுக்கை. அட்டைக்கு அடியில் பழைய துணுக்குகள் சேர்ந்து அடைத்தால் ஊசி முழுக்க இறங்காது. துணுக்கு ஒரு மூலையில் தொங்கும், அல்லது வெறும் குழியோடு நிற்கும். எந்திரம் அதை ஓட்டாகவே படிக்காது. குழியை எண்ணுவதா கூடாதா என்பதில் கவுண்டிக்கு ஒரு விதி; பாம் பீச்சில் எண்ணிக்கை நடக்கும்போதே விதி மாறியது. மாநில அளவில் முதல் எண்ணிக்கையில் 1,784 ஆக இருந்த புஷ்ஷின் முன்னிலை எந்திர மறு எண்ணிக்கையில் 327 ஆனது. மாநில உச்ச நீதிமன்றம் கையால் எண்ணச் சொன்னதும் இப்படித் துளை பதியாத அட்டைகளைத்தான். டிசம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதையும் நிறுத்திவிட்டது.

2001இல் செய்தி நிறுவனங்கள் சேர்ந்து, என்.ஓ.ஆர்.சி. ஆய்வு மையத்தைக் கொண்டு எந்திரம் எண்ணாமல் ஒதுக்கிய அட்டைகளை ஆராய்ந்தன. கோர் கேட்டபடி நான்கு கவுண்டிகளை மட்டும் எண்ணியிருந்தாலும் புஷ்தான். மாநிலம் முழுக்க, இரட்டைக் குறி விழுந்த சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்திருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருப்பார். காரணம், பேனாவால் குறி நிரப்பும் கவுண்டிகளில் சிலர் கோருக்குக் குறியும் இட்டு, கீழே காலி வரியில் 'கோர்' என்று எழுதியும் வைத்திருந்தார்கள். எந்திரம் அதை இரண்டு ஓட்டு என்று தள்ளியது. அந்தச் சீட்டுகளை எண்ணச் சொல்லி கோர் தரப்பு கேட்கவே இல்லை.

அன்புடன்,
அண்ணன்