மேடு தெரிந்தால் ஹைட்ரஜன் ஆகிவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிஷ்ஷும் டோங்கிளும் (கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கி) கொண்டு விண்வெளி ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலையைப் பிடிப்பது பற்றிய கட்டுரையில் கருவிப் பட்டியல் சரி. அலைவரிசை வரைபடத்தில் '1420 மெகாஹெர்ட்ஸில் மேடு தெரிந்தால் வெற்றி' என்ற வரிதான் இடறுகிறது.

டோங்கிளின் உள் ஃபில்டரே நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரியும். ஆன்டெனாவைக் கழற்றினாலும் அந்த மேடு இருக்கும். பல டோங்கிள்களில் நட்டநடுவே கூரான முள் ஒன்றும் நிற்கும், அதனால் டோங்கிளின் நடு அதிர்வெண்ணை 1419.9-இல் வைத்து, ஹைட்ரஜனின் 1420.406 நடுவிலிருந்து விலகி விழும்படி பார்க்க வேண்டும். தானியங்கி கெயினை (பெருக்கும் அளவை) அணைத்துவிட்டு, சிக்னலை வலுவாக்கும் பெருக்கியின் வாயில் ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் முனையைப் (மின்தடைச் செருகியை) பொருத்தி, அதே கெயினில் அதே கால அளவுக்குப் பதிந்து, வானப் பதிவை அதனால் வகுத்தால் மிஞ்சுவதைத்தான் நம்பலாம். 1951 மார்ச் 25 அன்று ஹார்வர்டில் இதை முதலில் பிடித்த ஈவனும் பர்செல்லும்கூட, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி ஒப்பிட்டுத்தான் பிடித்தார்கள்.

'பெருக்கியை டோங்கிள் அருகில் வைக்கலாம்' என்பதும் தவறு. பெருக்கிக்கு முன்னால் கேபிளில் 1 டெசிபெல் போனாலே சுமார் 75 கெல்வின் இரைச்சல் சேரும் (இங்கே இரைச்சலையும் சிக்னலையும் வெப்பநிலையாகவே அளப்பார்கள்). பால்வெளித் தளத்தில் ஹைட்ரஜன் தருவதே 100 கெல்வினை ஒட்டித்தான்! பெருக்கி, டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் ஃபீடிலேயே இருக்கட்டும்.

ஃபீடாகத் தகர டின் வைப்பவர்கள் வழுக்குவது இன்னோரிடம். உள்ளே நிற்கும் கம்பியின் நீளம் காற்றில் கால் அலை, அதாவது 5 செ.மீ. சொச்சம். பின்சுவரிலிருந்து அதன் தூரம் அப்படியல்ல. 15 செ.மீ. விட்டமுள்ள டின்னுக்குள் அலை நீண்டுவிடுவதால் அது 9.3 செ.மீ. ஆகும்.

மேடு 1420.406-இல் சரியாக நிற்கவில்லை என்று தூக்கிப் போட வேண்டாம். பூமி சூரியனைச் சுற்றும் வேகமே திசையையும் மாதத்தையும் பொறுத்து 140 கிலோஹெர்ட்ஸ் வரை தள்ளும். ஹைட்ரஜன் வாயுவின் சொந்த வேகமும் அதோடு சேரும். ஆனால் டோங்கிளின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகத்தில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை இருந்தால் அதுவும் 28 கிலோஹெர்ட்ஸ் தள்ளும் என்பதால், வேகத்தைக் கணக்கிடுவோர் வெப்பத்துக்கு ஈடுசெய்த படிகமுள்ள டோங்கிளையே எடுக்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? டிஷ்ஷை அசைக்காமல் விட்டுவிடுங்கள். 1 மீட்டர் டிஷ்ஷின் பார்வை சுமார் 15 பாகை. பால்வெளி அதைக் கடக்கும்போது மேடு மெல்ல எழுந்து அடங்கும். விண்மீன்களைப் போலவே, மறுநாள் 4 நிமிடம் முன்னதாக அதே வடிவம் வரும். தினமும் ஒரே மணிக்கு வந்தால் அது பக்கத்து மின்கருவி.

இப்படிக்கு,
வானொலி வானியல் ஆர்வலர் ஒருவர்